வண்டி மாறியது, அட்வான்ஸ் மாறவில்லை

“ஆட்டுக்கல் இருக்கா சார்?”

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையில் வீடு மாற்ற வண்டி பேசப் போனால், வண்டிக்காரர் முதலில் கேட்பது இதைத்தான். பீரோ உண்டா, கட்டில் எத்தனை என்பதெல்லாம் அப்புறம். ஆட்டுக்கல்லும் அம்மியும் இருந்தால் தனிக் கூலி. மாடி வீடென்றால் அதற்கு மேலும் கொஞ்சம். “சின்னக் கல்லுதான்ப்பா, ஒரே ஆள் தூக்கிடலாம்” என்பார் குடித்தனக்காரர். “அப்ப நீங்களே தூக்கி வெச்சிருங்க சார்” என்று பதில் வரும். பேரம் படிந்து, கைவண்டியோ மாட்டுவண்டியோ வாசலுக்கு வந்து, கடைசி நடையில் கல் ஏறும்.

இன்று யாரும் ஆட்டுக்கல்லைப் பற்றிக் கேட்பதில்லை. மேசைமேல் வைக்கிற கிரைண்டர் வந்ததும் கல் கொல்லைப்புறத்தில் தங்கிவிட்டது; பிறகு கொல்லைப்புறமே அடுக்குமாடி ஆகிவிட்டது. இப்போது கைபேசியில் வருகிற கேள்விகள் வேறு. ஏசி எத்தனை? கட்டிலைக் கழற்றிப் பூட்ட வேண்டுமா? எத்தனையாவது மாடி? லிஃப்டில் சாமான் ஏற்ற அசோசியேஷன் விடுமா? வண்டி வாசல்வரை வருமா, தெருமுனையில் நிற்க வேண்டுமா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு தொகை ஏறிக்கொண்டே போகிறது.

இந்த நாற்பது ஐம்பது வருஷத்தில் வீடு மாறும் செலவுப் பட்டியலில் ஏறக்குறைய எல்லா வரியும் மாறிவிட்டது. சில மறைந்தன, பல புதிதாக முளைத்தன. அசையாமல் நிற்கிற வரிகளில் பெரியது அட்வான்ஸ்தான். நம்மில் பலர் வண்டிக்காரரிடம் ஐந்நூறு ரூபாய் குறைக்க அரைமணி நேரம் பேசுகிறோம். பணம் உண்மையில் சிக்கிக்கொள்கிற இடத்தில் ஐந்து நிமிஷம்கூடப் பேசுவதில்லை.

என் அப்பா வரவு செலவு எழுதிய நீள நோட்டில் வீடு மாறிய மாதத்துக்கென்று தனிப் பக்கம் கிடையாது. அரிசி, மண்ணெண்ணெய், பால் கார்டு இவற்றுக்கு நடுவே ஐந்தாறு வரிகள் இருக்கும். வீட்டு அட்வான்ஸ், தரகர், வண்டி, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, பால் காய்ச்சியது, பல்பு. மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனிலிருந்து நாலு தெரு தள்ளி இன்னொரு போர்ஷன், அவ்வளவுதான் பயணம். டிரங்குப் பெட்டிகள், ஜமக்காளத்தில் சுருட்டிய படுக்கை, பித்தளை அண்டா, தவலை, இரும்பு மடக்கு நாற்காலி, ஒரு ரேடியோ, சுவாமி படங்கள். பாத்திரங்கள் கோணிச் சாக்கில் போகும். கண்ணாடிச் சாமான்கள் பழைய புடவைக்குள் போகும். கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு. உப்பு, மஞ்சள், அரிசி, குத்துவிளக்கு, நிறைகுடம் இவை மட்டும் வண்டியில் ஏறாது. வீட்டுப் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடப்பார்கள்.

அந்தக் காலத்தில் செலவே இல்லை, உறவும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டது என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மாமா பிள்ளைகளும் சித்தப்பாவும் வந்து தோள் கொடுத்தார்கள், எதிர்வீட்டு மாமி மத்தியானச் சாப்பாடு அனுப்பினாள், எல்லாம் உண்மை. ஆனால் பழைய வீட்டைக் கழுவி ஒப்படைத்தது, புது வீட்டின் சமையலறைச் சுவரில் முந்தைய குடித்தனத்தின் கரியைத் தேய்த்து எடுத்தது, பத்து நாள் முன்பிருந்தே பாத்திரம் கட்டியது, வந்த அன்று மாலையே அத்தனை பேருக்கும் டிபன் செய்தது எல்லாம் அம்மா. நோட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. இன்று அதே வேலைக்கு ‘டீப் கிளீனிங்’ என்று இரண்டு படுக்கையறை வீட்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். விலை ஏறிவிட்டது என்று நாம் புலம்புகிற பலவும், முன்பு வீட்டிலேயே ஒருவர் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைதான்.

வீடு தேடுவதிலும் அப்படியே. பெட்டிக்கடைக்காரருக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் எந்தத் தெருவில் எந்தப் போர்ஷன் காலியாகப் போகிறதென்று, காலி செய்கிறவர் சொல்வதற்கு முன்பே தெரிந்திருக்கும். கேட்டில் ‘டு லெட்’ பலகை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை ஆங்கில நாளிதழில் வரி விளம்பரங்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இவை எதிலும் அமையாவிட்டால் தரகர். சைக்கிளில் முன்னே போவார், நாம் பின்னே போவோம். வீடு படிந்தால் ஒரு மாத வாடகை தரகு. இன்றும் அதே ஒரு மாதம்தான். தரகே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு வந்த செயலிகளிலும் வீட்டுக்காரரின் எண்ணைப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. சந்தா கட்டிவிட்டு அழைத்தால் நாலில் இரண்டு, “அது போன வாரமே போயிடுச்சே” என்கிறது. கடைசியில் அந்தப் பகுதித் தரகரிடமே போய் நிற்கிறோம். சந்தாவும் போச்சு, தரகும் போச்சு.

பட்டியலில் எழுத முடியாத செலவு ஒன்றும் இங்கே இருக்கிறது. “வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?” என்பது அழைப்பின் மூன்றாவது கேள்வியாக இன்றும் வருகிறது. அந்தக் கேள்வி உணவைப் பற்றியது மட்டுமல்ல என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பழைய ஒண்டுக்குடித்தனத்தில் நேராகவே, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார்கள். இப்போது நாகரிகமாகச் சுற்றி வளைக்கிறார்கள். முஸ்லிம் குடும்பங்கள், தலித்துகள், தனியாக வசிக்க வருகிற பெண்கள் இவர்களுக்கெல்லாம் வீடு தேடும் நாட்கள் நீள்கின்றன. விடுதியில் இன்னொரு மாதம், விடுப்பில் இன்னும் சில நாள், கடைசியில் கிடைத்த வீட்டுக்குக் கேட்ட வாடகை. ஒரே தெருவில் ஒரே அளவு வீடு எல்லோருக்கும் ஒரே செலவில் கிடைப்பதில்லை. இது அன்றும் இப்படித்தான் இருந்தது, இன்றும் இப்படித்தான் இருக்கிறது.

இனி அட்வான்ஸ்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று இருந்தது. இதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். ஏனென்றால் அந்தச் சட்டம் உயிரோடிருந்த காலம் முழுக்கச் சென்னை பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தவர் புகார் செய்யவில்லை, வாங்கியவர் ஒளிக்கவும் இல்லை. சட்டத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் இடையில் இத்தனை தூரம் விழக் காரணமும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. குடித்தனக்காரரைக் காலி செய்ய வைப்பது அதன்படி மிகக் கடினம். வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தாத்தா காலத்து வாடகையைப் பேரன் கொடுத்துக்கொண்டு இருந்த வீடுகள் உண்டு. ஆகவே வீட்டுக்காரர்கள் தங்களுக்கு ஒரு பிடிமானமாகப் பெரிய தொகையை முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தொகையை வங்கியில் போட்டால் வட்டியும் வந்தது.

வட்டியோடு நின்றிருந்தால் குடித்தனக்காரருக்குப் பெரிய பாதகமில்லை. நடைமுறையில் அட்வான்ஸ் பணம் சும்மா இருப்பதில்லை. மாடியில் இன்னொரு போர்ஷன் கட்டவும், பெண்ணின் கல்யாணத்துக்கும், பிள்ளையின் காலேஜுக்கும் அது போய்விடும். குடித்தனக்காரர் காலி செய்யும்போது கையில் பணம் இருக்காது. அடுத்து வருகிறவர் கொடுக்கிற அட்வான்ஸை வாங்கித்தான் இவருக்குத் திருப்புவார். “அடுத்த ஆள் வந்ததும் செட்டில் பண்ணிடறேன் சார்” என்ற வாக்கியத்தை வாடகை வீட்டில் இருந்தவர்களில் கேட்காதவர் குறைவு. புது வீட்டுக்காரரோ முழு அட்வான்ஸையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் சாவி தருவார். அந்தப் பணம் இன்று வேண்டும், இந்தப் பணம் என்றைக்கோ வரும். வீடு மாறுகிறவரின் கழுத்தை நெரிப்பது மொத்தத் தொகை அல்ல, இந்தத் தேதி இடைவெளிதான்.

அன்று இந்த இடைவெளியை அடைத்தது அம்மாவின் வளையல். தெருமுனைச் சேட்டுக் கடையில் அடகு வைத்து, பழைய அட்வான்ஸ் வந்ததும் மீட்பார்கள். சீட்டுக் கட்டியிருந்தால் தள்ளி எடுப்பார்கள். அரசு ஊழியரென்றால் பி.எஃப். கடன், அலுவலகக் கூட்டுறவுச் சங்கக் கடன். இன்று பெர்சனல் லோனும் கிரெடிட் கார்டும். விண்ணப்பித்த அன்றே பணம் வந்துவிடுகிறது என்பது வசதிதான். ஆனால் நகையை அடகு வைத்தவருக்கு மீட்க வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. பழைய அட்வான்ஸ் வந்தால் நேரே சேட்டுக் கடைக்குப் போவார். இன்று அட்வான்ஸ் திரும்பி வரும்போது லோன் தன் பாட்டுக்கு மாதத் தவணையாக ஓடிக்கொண்டிருக்கிறது. வந்த பணம் புது சோபாவாக மாறிவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு வாங்கிய கடனை மூன்று வருஷம் கட்டுகிறார்கள்.

2017-ல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் பழைய கட்டுப்பாட்டுச் சட்டத்தை முடித்துவைத்தது. இதன்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவுச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம் என்பதால் நம் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் வேரூன்றியிருந்தது. புதிய சட்டம் அந்த ஓட்டையையும் அடைத்தது. ஆனால் முன்பணத்தைப் பற்றிய பிரிவிலேயே ஒரு வாசலும் வைத்திருக்கிறார்கள். வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அந்த மூன்று மாத வரம்பு. அதாவது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் ஆறு மாதம். வீடு கிடைக்காமல் அலைகிறவர் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்? பல பகுதிகளில் பத்து மாதம் இப்போது ஐந்து ஆறாக இறங்கியிருக்கிறது. பத்தே கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வாடகை ஏறியிருப்பதால் ஐந்து மாதத் தொகையே முன்னாளைய பத்து மாதத்தைவிடக் கனமாக இருக்கிறது.

இதற்கு மாற்றாக ‘லீஸ்’ என்ற ஏற்பாடும் உண்டு. தென் மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, போகும்போது முழுத் தொகையையும் வாங்கிக்கொள்வது. முன்பு இது தெரிந்தவர்களுக்குள், ஊர்ப் பெரியவர் முன்னிலையில் நடந்தது. இப்போது முகம் தெரியாதவரிடம் நடக்கிறது. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, தவணை நின்றுபோனால் வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும். லீஸுக்கு இருப்பவர் பணத்துக்காக வீட்டுக்காரரைத் தேடி ஓட வேண்டும். வாடகை மிச்சம் என்று போகிறவர்கள் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. மூலப் பத்திரம் வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் லீஸுக்குப் போகவே வேண்டாம்.

வண்டிக்கு வருவோம். மாட்டுவண்டிக்கும் கைவண்டிக்கும் பிறகு சென்னையில் கொஞ்ச காலம் மீன்பாடி வண்டி ஆண்டது. மூன்று சக்கரம், பின்னால் பலகை, பழைய ஸ்கூட்டர் எஞ்ஜின், காது கிழியும் சத்தம். பெரிய குடும்பமென்றால் டெம்போ. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. நம் ஊர் அதைக் குட்டியானை என்று தத்தெடுத்துக்கொண்டது. சந்துக்குள் நுழையும், பீரோவும் ஏறும், ஒரு படுக்கையறை வீட்டுச் சாமான் ஒரே நடையில் முடியும். ஸ்டாண்டில் போய்ப் பேரம் பேசுவது போய், இப்போது செயலியில் தூரத்தைக் கொடுத்தால் தொகை வருகிறது. அது வண்டிக்கும் டிரைவருக்கும் மட்டும். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மாடிக்கூலி, காத்திருந்த நேரம் என்று மற்றவை வாசலில் பேசப்படும். பழைய வண்டிக்காரர் கல்லுக்குத் தனிக் கூலி என்று முதலிலேயே சொன்னார்; இன்றைய ரசீதில் அது கடைசியில்தான் தெரிகிறது.

பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் என்று வருகிறவர்களிடம் வேலை சுத்தம். அட்டைப்பெட்டி, குமிழ் உறை, பீரோவைச் சுற்ற நீளமான பிளாஸ்டிக் தாள், இரண்டு மணி நேரத்தில் வீடு காலி. சிக்கல் தொகையில். தொலைபேசியில் குறைவாகச் சொல்லி, சாமான் வண்டியில் ஏறியதும் ‘இது லிஸ்ட்டில் இல்லையே’ என்று கூட்டுகிறவர்கள் உண்டு. சாமான் அவர்கள் கையில் இருக்கும்போது யார் பேரம் பேச முடியும்? வெளியூர் மாற்றத்தில் இது இன்னும் மோசம். நேரில் வந்து பார்த்து, சாமான் பட்டியலோடு எழுத்தில் தொகை தருகிறவரை மட்டும் அழைப்பது நல்லது. இன்ஷூரன்ஸ் என்று சதவீதக் கணக்கில் தனியாக வாங்கினால் பாலிசி எண் கேளுங்கள். எண் இல்லாவிட்டால் அது இன்ஷூரன்ஸ் இல்லை, கூடுதல் கட்டணம்.

அன்று இல்லாத வரிகள் என்றால் ஏசியில் தொடங்கலாம். கழற்ற ஒரு தொகை, மாட்ட ஒரு தொகை, குழாய் நீளம் பற்றாவிட்டால் செப்புக்குழாய் அடிக்கணக்கில், ‘கேஸ் கம்மியா இருக்கு சார்’ என்றால் அதற்கும். தண்ணீர் சுத்திகரிப்பான், சுவரில் மாட்டிய டிவி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷினுக்குக் குழாய் இணைப்பு, இணைய இணைப்பு மாற்றம். பழைய வீட்டு ஜன்னலுக்குத் தைத்த திரை புது வீட்டு ஜன்னலுக்கு எப்போதும் ஓர் அடி குறையும். அசோசியேஷன்களில் குடிவரும்போதும் காலி செய்யும்போதும் கட்டணம் வாங்குகிறவை இருக்கின்றன. புது வீட்டுக்குப் போன முதல் மாதம் இந்தச் சில்லறைகள் சேர்ந்து ஏப்பம் விடுகிற தொகை சில வீடுகளில் வண்டிச் செலவையே தாண்டிவிடும். ஆனால் கிளம்புவதற்கு முன் காகிதத்தில் வண்டிச் செலவைத்தான் எழுதுவோம்.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-லிருந்து இப்படி. அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலை படியேறும். உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் அந்த 100 யூனிட்டும் குறைந்த படிகளும் உங்களுக்கு. மூன்று குடித்தனத்துக்கு ஒரே இணைப்பு, உள்ளே சப்-மீட்டர் என்றால் எல்லோருடைய பயன்பாடும் சேர்ந்து உச்சப் படிக்குப் போய்விடும். பெரும்பாலும் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு ஒரே விலை என்று நிர்ணயித்து வாங்குவார். வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு என்று போன வீட்டில், கோடையில் ஏசி ஓடினால் அந்த ஆயிரம் மீட்டர் வழியாகவே திரும்பிப் போய்விடும். எண்பதுகளில் “ராத்திரி ஒன்பதுக்கு மேல லைட் எரியக் கூடாது” என்று வீட்டுக்காரர் மெயினை அணைத்தார். இன்று அணைப்பதில்லை, எரிகிற வரை லாபம்.

தண்ணீரும் அப்படி. அன்று அடிபம்பில் எத்தனை குடம், எந்த நேரம் என்று கேட்டுவிட்டு வீடு பிடித்தார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது பல குடியிருப்புகளில் லாரித் தண்ணீர்ச் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஏறியது. ‘மெயின்டனன்ஸ் எவ்வளவு’ என்று கேட்கிற நாம், ‘போன மே மாசம் எவ்வளவு வந்தது’ என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடையில் விசாரிப்பது. தரைத்தளம் மலிவாகக் கிடைப்பதற்கு அந்தக் கடைக்காரரிடம் காரணம் இருக்கும்.

நாள் பார்ப்பது மாறவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டோம், பல வீடுகளில் புரட்டாசியிலும். அதனால் தையில் ஒரே நெரிசல். பள்ளி விடுமுறை என்று மே மாதத்திலும் அதே கூட்டம். எனக்கு இதில் ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. சம்பிரதாயம் வேண்டும் என்கிறவர்கள் ஆனியிலேயே நல்ல நாளில் பாலைக் காய்ச்சிவிட்டு, சாமானை ஆடியில் ஏற்றலாம். ஆடியில் வண்டிக்கும் ஆளுக்கும் கிராக்கி இல்லை. ஆடி முழுக்க வீடு காலியாகக் கிடக்குமே என்று வீட்டுக்காரரும் இறங்கி வருவார். ஆனால் சில நாட்களுக்கு இரண்டு வீட்டு வாடகை விழும். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தூரம் முன்பு பட்டியலிலேயே இல்லை. நாலு தெருவுக்குள் மாறினார்கள். பள்ளி அதே பள்ளி, பஸ் அதே பஸ். இன்று மாம்பலத்தில் கொடுத்த வாடகைக்கு மேடவாக்கம் தாண்டி இன்னும் ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கிறது என்று போகிறோம். பெட்ரோல், பள்ளி வேன் கட்டணம், மாதத்துக்கு நாலு நாள் மழையில் ஆட்டோ எல்லாம் வாடகையின் பகுதிதான். 2021-லிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிற வீட்டில், அந்தப் பேருந்து எந்தத் தெருவில் நிற்கிறது என்பது மாதச் செலவைத் தீர்மானிக்கிற விஷயம்.

காகித வேலைகள் மட்டும் உண்மையிலேயே லேசாகிவிட்டன. ரேஷன் கார்டில் முகவரி மாற்ற அன்று வட்ட வழங்கல் அலுவலகத்தில் ஒரு நாள் சம்பளம் போகும். இன்று வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். காஸ் இணைப்பின் அசல் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தால் மாற்றுவது எளிது. தொலைத்துவிட்டு, இது எதற்கு என்று புது இணைப்பே வாங்கினால் 14.2 கிலோ சிலிண்டருக்கு டெபாசிட் மட்டும் 2,200 ரூபாய். 2022 ஜூனுக்கு முன் 1,450.

இப்போது ஒரு கணக்கு. மாதிரிக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய வீட்டு வாடகை 14,000, அட்வான்ஸ் ஐந்து மாதம், 70,000. புது வீட்டு வாடகை 18,000. அட்வான்ஸ் 90,000, முதல் மாத வாடகை 18,000, தரகு 18,000, வண்டியும் ஆளும் பேக்கிங்கும் 12,000, இரண்டு ஏசிக்கு 4,000, மற்ற சில்லறை 5,000. சாவி வாங்கிக் குடியேறுகிற வாரத்தில் கையில் இருக்க வேண்டியது 1,47,000. பழைய வீட்டிலிருந்து வர வேண்டிய 70,000 அப்போது வந்திருக்காது. வரும்போதும் பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை 14,000 கழிந்து 56,000 வரும்.

இதில் அட்வான்ஸும் வாடகையும் செலவல்ல. ஒன்று திரும்பும், மற்றது எப்படியும் கொடுக்க வேண்டியது. திரும்பாமலே போவது தரகு, வண்டி, ஏசி, சில்லறை, பெயிண்டிங். மொத்தம் 53,000. பதினோரு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 4,800-க்குச் சற்று மேல். வீட்டுக்காரர் 1,500 ஏற்றிவிட்டார் என்ற ரோஷத்தில் வீடு மாறுகிறவர், பதினோரு மாதத்தில் 16,500 கூடுதலாகக் கொடுக்க மனமில்லாமல் 53,000 செலவழிக்கிறார். அன்றைய கணக்கில் ரோஷம் கட்டுப்படியாயிற்று. ஒரு கைவண்டிக் கூலியும் தரகும்தான் அதன் விலை. இன்று ரோஷத்தை இரண்டு நாள் ஒத்திப்போட்டு, ஆயிரம் ரூபாயில் பேசி முடிக்கிறவர் கெட்டிக்காரர். தண்ணீர் இல்லை, பள்ளி தூரம், வீட்டுக்காரர் தொல்லை என்று வேறு காரணம் இருந்தால் அது வேறு கதை.

அந்தப் பெயிண்டிங் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறேன். முன்பு பொங்கலுக்கு வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்தார், அல்லது குடித்தனக்காரரே அடித்துக்கொண்டார். போகும்போது யாரும் அதற்குப் பிடிக்கவில்லை. இப்போது எட்டு மாதம் இருந்தாலும் எட்டு வருஷம் இருந்தாலும் ஒரு மாத வாடகை கழிகிறது. சில வீடுகளில் அந்தப் பணத்தில் தூரிகை நனைவதே இல்லை. ஒப்பந்தத்தில் ‘பெயிண்டிங் செலவு கழிக்கப்படும்’ என்று மொட்டையாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எவ்வளவு என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ் தொகையையும், அது திரும்பும் நாளையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். “அடுத்த ஆள் வந்ததும்” என்பது தேதியல்ல. காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.